ஆனைமலைச் சிலந்திகள்: காட்டில் பிறந்தவையும் கப்பலில் வந்தவையும்

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே எழும் ஆனைமலைத் தொடர், பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளத்தையும் இடுக்கி மாவட்டத்தின் ஆனைமுடி, சின்னாறு பகுதிகளையும் தமிழ்நாட்டு எல்லையோரமாக இணைக்கிறது. ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். மேற்குச் சரிவில் மழைக்காடு, உச்சியில் சோலையும் புல்வெளியும், சின்னாற்றில் மழைமறைவுப் பகுதியின் முட்காடு என நிலம் மாற மாற அங்கு வாழும் சிலந்திகளும் மாறுகின்றன. மலையாளத்தில் எட்டுகாலி என்றும் தமிழில் எட்டுக்கால் பூச்சி என்றும் அழைக்கப்படும் இவ்வுயிர்களுக்கு அறிவியல் பெயரிடும் பணி இங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் வேகம் பெற்றது.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆர். ஐ. போகாக், இந்தியாவிலிருந்து வந்து சேர்ந்த மாதிரிகளை ஆராய்ந்து 1900-ல் இந்தியச் சிலந்திகள், தேள்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். மர ஓட்டைகளில் வாழும் பெருஞ்சிலந்தியான போசிலோதீரியா ரூஃபிலாட்டாவுக்கு அவர் பெயரிட்டது அதற்கு முந்தைய ஆண்டு. போசிலோதீரியா பேரினம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரியது.

அடுத்த கட்டத்துக்கு வழி திறந்தது மரவணிகம். பரம்பிக்குளத்துத் தேக்கை வெளியே கொண்டுவர, கொச்சி சமஸ்தானம் சாலக்குடி வரை காட்டு டிராம் பாதை அமைத்தது. 1907 முதல் 1963 வரை அது இயங்கியது. அந்தக் காலத்தில், 1914-ல், கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் எஃப். எச். கிராவ்லி பரம்பிக்குளத்துக்கு வந்து உயிரினங்களைச் சேகரித்தார். மண்ணில் வளை தோண்டி வாழும் ஹாப்லோகிளாஸ்டஸ் கயி என்ற சிலந்தியை மறு ஆண்டு அவர் விவரித்தார். பின்னாளில் அவர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரானார்.

காட்டினங்கள் இப்படி ஏடேறிய அதே காலத்தில், உலகத் துறைமுகங்களுக்கிடையே சிலந்திகளும் பயணப்பட்டுக்கொண்டிருந்தன. சரக்குப் பெட்டி, மரக்கட்டை, தொட்டிச்செடி, பழக்குலை எல்லாமே அவற்றுக்கு ஊர்தி. இன்று தென்னிந்திய வீட்டுச் சுவர்களில் ஈ பிடிக்கும் குதிக்கும் சிலந்திகளில் மெனிமெரஸ் பிவிட்டாட்டஸ், ஹசாரியஸ் அடன்சோனி ஆகிய இரண்டும் ஆப்பிரிக்காவைப் பூர்விகமாகக் கொண்டவை. கூரை மூலையில் ஒட்டடையாகத் தொங்கும் வலையைப் பின்னும் நெடுங்கால் சிலந்திகளில் ஸ்மெரிங்கோபஸ் பாலிடஸும் ஆப்பிரிக்க வழி வந்ததே. முள் முள்ளான முட்டைப்பை கட்டும் பழுப்பு விதவைச் சிலந்தியும் இந்தியாவில் பதிவாகியுள்ளது.

பயணம் ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. கரப்பான்பூச்சியை வேட்டையாடும், முட்டைப்பையை உடலடியில் சுமந்து திரியும் ஹெட்டரோபோடா வெனடோரியா ஆசிய வெப்பமண்டலத்திலிருந்து புறப்பட்டு உலகின் வெப்பநாடுகள் எங்கும் பரவியது. வாழைக்குலைகளோடு சென்றதால் மேலைநாடுகளில் அதற்கு வாழைச் சிலந்தி என்றே பெயர்.

அயலினம் என்பதும் ஆக்கிரமிப்பினம் என்பதும் ஒன்றல்ல. பிற நிலத்திலிருந்து மனிதரால் வந்து சேர்ந்தது அயலினம். வந்த இடத்தில் பெருகி, அங்குள்ள உயிர்களுக்கு ஊறு செய்வதே ஆக்கிரமிப்பினம். மேலே சொன்ன குடியேறிகள் பெரும்பாலும் சுவர், கூரை, கிடங்கு என மனித வாழிடத்தையே பற்றி வாழ்கின்றன. ஆனைமலையின் காட்டுச் சிலந்திகளுக்கு அவற்றைவிடப் பெரிய அச்சுறுத்தல் வாழிட இழப்பு. முதிய மரத்தின் பொந்து போனால் போசிலோதீரியாவுக்கு வேறு புகலிடம் அரிது; மண்மேடு வெட்டப்பட்டால் வளைச் சிலந்தியின் வீடும் போய்விடும்.

கேரளத்தில் கொச்சி தேவரா திருஇருதயக் கல்லூரியும் இரிஞ்சாலக்குடா கிறிஸ்து கல்லூரியும் சிலந்தி ஆய்வைத் தொடர்ந்தன. பி. ஏ. செபாஸ்டியனும் கே. வி. பீட்டரும் எழுதிய இந்தியச் சிலந்திகள் பற்றிய ஆங்கில நூல் 2009-ல் வெளிவந்தது. செல்லப்பிராணிச் சந்தைக்காகப் போசிலோதீரியாக்கள் பிடிக்கப்பட்டு வந்ததால், 2019-ல் அப்பேரினம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன்பின் அவற்றை நாடு விட்டு நாடு கொண்டுசெல்ல ஏற்றுமதி அனுமதி கட்டாயமாயிற்று.