ஊடகத்தில் ஒளிந்திருக்கும் பிழை: மலைச்சரிவு விட்டமும் புரோட்டான் கற்றையும்

மலேசியாவின் கேமரன் மலையில் பிரிஞ்சாங் ஊரைக் கடந்து வடக்கே சென்றால் போ (BOH) தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தேயிலை மையம் வரும். அதன் பார்வை மேடை தேயிலைச் சரிவுக்கு மேலே வெளியே நீண்டு நிற்கிறது. ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்டு மறுமுனை வெளியில் நிற்கும் விட்டமே இத்தகைய மேடைகளின் அடிப்படை. சென்னைத் தரமணியில் 2019 ஜனவரியில் திறக்கப்பட்ட அப்போலோ புரோட்டான் புற்றுநோய் மையத்திலோ, நோயாளியின் உடலுக்குள் புரோட்டான் கற்றை செலுத்தப்படுகிறது. இவ்விரண்டிலும் கணக்கு முதிர்ந்துவிட்டது. விட்டம் ஊன்றும் மண்ணையும் கற்றை ஊடுருவும் திசுவையும் பற்றிய அறிவுதான் முதிரவில்லை. ஆய்வின் முதன்மைக் கவனம் அங்கேதான் செல்ல வேண்டும் என்பது என் வாதம்.

விட்டத்தின் வலிமையைக் கணக்கிட 1638இல் முயன்ற கலிலியோ அதை மும்மடங்கு மிகையாக மதிப்பிட்டார். குறுக்குவெட்டு முழுவதும் இழுவிசையில் இருப்பதாக அவர் கருதியதே காரணம். மேற்பாதி இழுபட, கீழ்ப்பாதி அமுங்குகிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. 1826இல் பொறியாளர் நவியேயின் நூலோடு இச்சிக்கல் ஏறத்தாழ முடிந்தது. சீரான பாரத்தின்கீழ் மேடையின் நீளத்தை இருமடங்காக்கினால் பிடிக்கப்பட்ட முனையான வேரில் வளைவுத் திருப்புத்திறன் 4 மடங்காகும், முனையின் தாழ்வு 16 மடங்காகும். இதில் இன்று எவருக்கும் ஐயமில்லை.

ஐயம் தோன்றும்போது விட்டத்தைத் தடிப்பாக்குவது வழக்கம். செவ்வக விட்டத்தின் உயரத்தை இரட்டித்தால் தன் எடையால் அதனுள் எழும் தகைவு பாதியாகும். ஆனால் எடை இரட்டிப்பதால் வேர் வழியே அடித்தளத்துக்கும் மண்ணுக்கும் இறங்கும் சுமையும் இரட்டிக்கிறது. விட்டத்துக்குக் கொடுத்த பாதுகாப்பை மண்ணிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம். கேமரன் மலையில் இது பெரிய விஷயம். அங்குள்ள மண் பெரும்பாலும் கருங்கல் ஆழமாகச் சிதைந்து உருவான எச்ச மண். சில அடிகளுக்குள்ளேயே அதன் வலிமை மாறும். துளையிட்டுப் பார்த்த இரண்டு இடங்களுக்கு நடுவே இருப்பதை ஊகிக்கத்தான் முடியும். மழை இறங்கும்போது நுண்துளை நீரழுத்தம் ஏறி, நேற்று அளந்த வலிமை இன்று இல்லாமல் போகிறது. 2014 நவம்பரில் ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பகுதிகளில் ஏற்பட்ட மண்சரிவுகள் உயிர்களைக் கொண்டுபோயின.

புரோட்டானுக்கு வருவோம். திசுவில் செல்லும் புரோட்டான் வேகம் குறையக் குறைய மிகுதியான ஆற்றலை இழந்து, பயணத்தின் கடைசிச் சில மில்லிமீட்டரில் அந்த இழப்பு உச்சத்தை எட்டியதும் நிற்கிறது. இதுவே பிராக் உச்சம். இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என 1946இல் இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் எழுதினார். 1954இல் பெர்க்லியில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது. 230 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் நீரில் சுமார் 33 செ.மீ. செல்லும். நீரில் இந்தத் தொலைவை மிகத் துல்லியமாகச் சொல்லலாம். உடல் நீர் அல்ல என்பதுதான் தொல்லை. சி.டி. ஸ்கேன் எக்ஸ்-கதிர் எவ்வளவு குறைகிறது என்பதைத்தான் அளக்கிறது. அதிலிருந்து புரோட்டான் எங்கே நிற்கும் என்பதை மாற்றிக் கணக்கிடும்போது பிழை நுழைகிறது. ஆகவே பல மையங்கள் தொலைவில் 3.5 விழுக்காட்டோடு 1 மி.மீ. சேர்த்துப் பாதுகாப்பு விளிம்பு விடுகின்றன. 20 செ.மீ. ஆழத்துக்கு அது 8 மி.மீ. கட்டிக்கு அப்பால் 8 மி.மீ. தொலைவில் மூளைத்தண்டோ கண்நரம்போ இருக்கக்கூடும். இங்கும் விளிம்பு இலவசம் அல்ல. நல்ல திசுவே அதற்கான விலை.

மழையில் மண் மாறுவதுபோல் சிகிச்சை நடக்கும் 6, 7 வாரங்களில் உடலும் மாறுகிறது. நோயாளி எடை இழக்கிறார், கட்டி சுருங்குகிறது, மூக்கறைப் புழையில் சளி நிறைந்து வடிகிறது. மலேசியாவில் குறிப்பிடத்தக்க அளவில் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்கு இது நேரடியாகப் பொருந்தும். ஒரே ஒரு ஸ்கேனை நம்பிச் சிகிச்சையை முடிப்பதும், கட்டுவதற்கு முன் ஒருமுறை மண்ணைத் துளையிட்டுப் பார்த்து அத்தோடு விடுவதும் ஒரே குறைபாடு என்றே கொள்கிறேன்.

அளவீட்டுக்கும் செலவு உண்டு, விளிம்பை விடுவதே எளிது என்று மறுப்போர் இருக்கலாம். ஆனால் விளிம்பின் செலவு ஒவ்வொரு விட்டத்திலும் ஒவ்வொரு நோயாளியிடமும் திரும்பத் திரும்ப விழுகிறது. சரிவில் சாய்வுமானியும் நீரழுத்தமானியும் பதித்து ஆண்டுக்கணக்கில் பார்ப்பது, இரட்டை ஆற்றல் சி.டி. கொண்டு திசுவை நுணுகி அறிவது ஆகியவை விளிம்பையே குறைக்க வழிசெய்யும் முதலீடுகள். அதே தரமணியில் இயங்கும் அறிவியல், தொழிலக ஆய்வுக் கழகத்தின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம், கட்டமைப்புகளின் நலனைத் தொடர்ந்து கண்காணிப்பதை ஓர் ஆய்வுத்துறையாகவே நடத்துகிறது. அந்த மனப்பான்மை மருத்துவ இயற்பியலுக்கும் வேண்டும்.

இந்த ஒப்பீடு ஓரிடத்தில் முறிகிறது. மேடை தாழ்ந்தால் அளவுகோல் வைத்துப் பார்க்கலாம், விரிசல் கண்ணில் படும். புரோட்டான் நின்ற இடம் உடலுக்குள் மறைந்துவிடுகிறது. மோதிய கணத்தில் அணுக்கருக்கள் உமிழும் காமாக் கதிர்களைப் பிடித்து அந்த இடத்தைக் காண, 2015இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் நோயாளியிடம் முதன்முறையாக முயன்றார்கள். புரோட்டான் துறையில் இன்று அதிக நிதி கேட்கத் தகுதியுள்ள பணி, என் மதிப்பீட்டில், இதுதான்.