கேரள நோய் ஆதரவுச் சிகிச்சை இயக்கம்

கேரள நோய் ஆதரவுச் சிகிச்சை இயக்கம் என்பது, குணப்படுத்த இயலாத நோயால் துன்புறுவோரையும் நெடுநாள் படுக்கையில் இருப்போரையும் அவரவர் வீட்டிலேயே பராமரிக்க ஊர்மக்கள் நடத்திவரும் தொண்டு அமைப்புகளின் தொகுப்பு. 1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு வெளிநோயாளர் பிரிவாகத் தொடங்கி, மலப்புறம் மாவட்டத்தில் மக்கள் இயக்கமாக மாறி, 2008-இல் மாநில அரசின் கொள்கையாக ஏற்கப்பட்டது. மலையாளிகள் இதைப் பேச்சுவழக்கில் ‘பாலியேட்டிவ்’ என்றே குறிப்பிடுகின்றனர். ஜனவரி 15 கேரளத்தில் நோய் ஆதரவுச் சிகிச்சை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பின்னணி

இறப்பை நெருங்கும் நோயாளியின் வலியைத் தணிப்பதைத் தனி மருத்துவத் துறையாக வளர்த்தவர் பிரிட்டனைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ். இறப்பை நெருங்குவோரைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் நல்வாழ்வு இல்லத்தை (ஹாஸ்பிஸ்) அவர் 1967-இல் லண்டனில் தொடங்கினார். உடல் நோவு, மனக்கலக்கம், குடும்பத்தின் பணமுடை, ஆன்மிகத் தவிப்பு ஆகிய நான்கும் சேர்ந்ததே நோயாளியின் வலி என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. 1986-இல் உலகச் சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான மூன்று படிநிலை மருந்துமுறையை வெளியிட்டது. அதே ஆண்டில் இந்தியாவின் முதல் நல்வாழ்வு இல்லமான சாந்தி அவேதனா சதன் மும்பையில் திறக்கப்பட்டது.

ஆனால் கடும் வலிக்கு உரிய மருந்தான மார்ஃபின் இந்திய நோயாளிக்கு எட்டாத பொருளாகிவிட்டது. 1985-இல் இயற்றப்பட்ட போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் கடுந்தண்டனைகளை விதித்தது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்குவதற்குப் பல துறைகளிடம் பல உரிமங்களைப் பெற வேண்டியிருந்தது. அவற்றில் ஒன்று காலாவதியானாலும் கொள்முதல் நின்றுவிடும். மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபினை இருப்பு வைப்பதையே கைவிட்டன. 1985-இல் 716 கிலோவாக இருந்த நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 1997-இல் 18 கிலோவாகச் சரிந்தது. மருந்துத் தேவைக்கான அபினியைச் சட்டப்படி பயிரிட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பும் நாட்டிலேயே இந்த நிலை.

கோழிக்கோட்டில் தொடக்கம்

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியின் மயக்கவியல் மருத்துவர்களான எம். ஆர். ராஜகோபால், கே. சுரேஷ்குமார் ஆகியோரும் நண்பர்கள் சிலரும் 1993-இல் ‘வலி மற்றும் ஆதரவுச் சிகிச்சைச் சங்கம்’ என்ற தொண்டு அமைப்பைப் பதிவு செய்தனர். இடத்தை அரசு மருத்துவமனை தந்தது. மருந்துக்கும் பிற செலவுகளுக்கும் சங்கம் பணம் திரட்டியது. பதிவேடு எழுதுவது, நோயாளியின் உறவினரிடம் அமர்ந்து பேசுவது போன்ற வேலைகளைத் தன்னார்வலர்கள் ஏற்றனர். அரசின் இடம், சங்கத்தின் பணம், மக்களின் உழைப்பு என்ற இந்தக் கூட்டுமுறையே பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. சில ஆண்டுகளில் உலகச் சுகாதார நிறுவனம் இந்த மையத்தை வளரும் நாடுகளுக்கான முன்மாதிரித் திட்டமாக ஏற்றது.

மையம் பெயர் பெறப்பெற அதன் குறையும் புலப்பட்டது. வலியில் துடிப்பவர்கள் பேருந்திலும் வாடகை வண்டியிலும் பல மணிநேரம் பயணம் செய்து வர வேண்டியிருந்தது. மிகவும் தளர்ந்தவர்களால் வரவே முடியவில்லை. எனவே வெளியூர்களில் கிளை மையங்கள் தொடங்கப்பட்டன. மருத்துவக் குழுக்கள் வீடுகளுக்குச் செல்லத் தொடங்கின. வீட்டுக்குள் நுழைந்தபின் வேறொரு உண்மை தெரிந்தது. வலி தணிந்தாலும் அடுப்பு எரியவில்லை. பிள்ளையின் பள்ளிப்படிப்பு நின்றிருந்தது. அண்டை வீட்டார் எட்டிப்பார்ப்பதையும் விட்டிருந்தனர். இவற்றுக்கு மருத்துவரிடம் மருந்து இல்லை, ஊரிடம் இருந்தது.

மலப்புறமும் அண்டையயல் வலையமைப்பும்

இந்த அனுபவத்தின் பயனாக 2000-களின் தொடக்கத்தில் ‘அண்டையயல் ஆதரவுச் சிகிச்சை வலையமைப்பு’ உருவானது. அதன் முதன்மைக் களம் மலப்புறம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 41 லட்சம் பேர் வாழும் இம்மாவட்டமே கேரளத்தில் மக்கள்தொகை மிகுந்தது. வாசகசாலைகள், பள்ளிவாசல் குழுக்கள், இளைஞர் மன்றங்கள், வளைகுடா நாடுகளில் வேலை செய்வோரின் சங்கங்கள் என ஊர்க்கூட்டமைப்புகள் அங்கே ஏற்கெனவே வலுவாக இருந்தன. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கமும் உள்ளூர்ப் பணியை உள்ளூராரே திட்டமிடும் பழக்கத்தை ஊன்றியிருந்தது.

வலையமைப்பின் விதி எளியது. வாரத்துக்கு இரண்டு மணிநேரமேனும் ஒதுக்கக்கூடிய எவரும் தன்னார்வலராகலாம். அவருக்கு 16 மணிநேர வகுப்பும், அனுபவமுள்ள குழுவுடன் நான்கு நாள் களப்பயிற்சியும் அளிக்கப்படும். பயிற்சி முடிந்த பத்துப் பதினைந்து பேர் ஒரு குழுவாகித் தங்கள் பகுதியில் படுத்த படுக்கையாக இருப்போரைக் கணக்கெடுப்பர். இயன்ற உதவியைத் தாங்களே செய்துகொண்டு, மெல்ல ஒரு செவிலியரையும் பின்னர் ஒரு மருத்துவரையும் சேர்ப்பர். மருத்துவமனைகளில் மருத்துவர் தலைமையில் மற்றவர்கள் செயல்படுவது வழக்கம். இங்கே ஊர்க்குழு தலைமை வகிக்கிறது. மருத்துவர் அதற்குத் துணையாக இருக்கிறார்.

வீட்டுப் பராமரிப்பு

ஒவ்வொரு மையத்தின் உயிர்நாடியும் வீட்டு வருகைதான். செவிலியர், தன்னார்வலர் ஓரிருவர், ஓட்டுநர் கொண்ட குழு காலையில் கிளம்பி ஒரு நாளில் பல வீடுகளைப் பார்க்கும். புண் கட்டுதல், சிறுநீர்க்குழாய் மாற்றுதல், வீங்கிய கைகால்களுக்குக் கட்டுப்போடுதல், மருந்து தருதல் ஆகியவை செவிலியரின் பொறுப்பு. மாத அரிசி மளிகை சேர்ப்பது, பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பார்ப்பது, ஓய்வூதிய விண்ணப்பம் எழுதுவது, வீட்டில் முடங்கியவர் காகிதப்பையும் குடையும் செய்து வருவாய் ஈட்ட வழிசெய்வது ஆகியவை தன்னார்வலர்களின் பங்கு. கல்லூரி மாணவர்களுக்கெனத் தனி அணிகளும் உண்டு. தொடக்கத்தில் புற்றுநோயாளிகளுக்கே முன்னுரிமை இருந்தது. பின்னர் பக்கவாதம், தண்டுவடக் காயம், சிறுநீரகச் செயலிழப்பு, மூப்பு, மனநோய் எனப் பணி விரிந்தது.

நிதி திரட்டல்

இயக்கத்தின் தனித்தன்மை அதன் நிதிமுறையில் உள்ளது. பெருநிறுவனக் கொடையையோ வெளிநாட்டு மானியத்தையோ நம்பாமல், செலவின் பெரும்பகுதியைச் சிறுசிறு உள்ளூர் நன்கொடைகளால் மையங்கள் ஈடுகட்டின. தேநீர்க்கடையிலும் மளிகைக்கடையிலும் வைத்த உண்டியல், பள்ளிப் பிள்ளைகள் சேர்த்த நாணயங்கள், தனியார் பேருந்துகளின் ஒருநாள் வசூல், திருமண வீட்டார் தரும் காணிக்கை, ரமலான் மாதத்து ஜகாத் (இஸ்லாமியரின் கடமைக் கொடை), வளைகுடாவிலிருந்து வரும் தொகை ஆகியவை இதன் ஊற்றுகள். அண்மைக்காலத்தில் ‘பிரியாணி சேலஞ்ச்’ என்ற முறையும் பரவியது. இதில் ஊரே கூடிப் பிரியாணி சமைக்கும். முன்பதிவு செய்தவர்களுக்குப் பொட்டலமாக விற்று, வரும் பணத்தை மையத்துக்குச் சேர்க்கும்.

சிறுதொகையை வலியுறுத்தியதற்குக் காரணம் உண்டு. பத்துப் பேர் பெருந்தொகை தந்தால் மையம் அவர்களுடையதாகிவிடும். பத்தாயிரம் பேர் சில்லறை போட்டால் அது ஊருடையதாகும். பணம் போட்டவர் கணக்குக் கேட்பார், நோயாளி இருக்கும் வீட்டையும் வந்து சொல்வார். செலவும் கைக்கு அடங்குவதே. செவிலியர் ஊதியம், வண்டிக்கு எரிபொருள், மருந்து ஆகிய மூன்றுமே முக்கியச் செலவுகள். தன்னார்வலர்கள் ஊதியம் பெறுவதில்லை. வாய்வழி மார்ஃபின் விலை குறைந்த மருந்து.

குடும்பங்களுக்கான அறிவுரை

மருத்துவக் குழு மாதத்துக்குச் சில முறையே வர முடியும். மற்ற நேரமெல்லாம் நோயாளியைப் பார்ப்பவர் குடும்பத்தினரே. ஆகவே அவர்களுக்குக் கற்பிப்பது சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. அடிக்கடி சொல்லப்படும் அறிவுரைகள் பின்வருமாறு:

வலி மருந்தை, வலி வந்தபின் அல்லாமல் மருத்துவர் சொன்ன நேரப்படி கொடுக்க வேண்டும். வலிக்காக முறையான அளவில் தரப்படும் மார்ஃபின் நோயாளியைப் போதைக்கு அடிமையாக்கும் என்ற அச்சம் பெரிதும் ஆதாரமற்றது. ஆனால் அது மலச்சிக்கலை உண்டாக்கும், ஆதலால் மலமிளக்கியும் உடன் தரப்பட வேண்டும். மருந்தைப் பிறர் கைக்கு எட்டாமல் பத்திரப்படுத்த வேண்டும்.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது படுக்கைப்புண்ணைத் தடுக்கும். தோலை ஈரமின்றி வைக்க வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது. புற்றுப்புண்ணில் துர்நாற்றம் இருந்தால் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவும் எளிய முறையைச் செவிலியர் காட்டித் தருவார். நாற்றம் நீங்கினால் விலகிய உறவினர்களும் அருகில் வருவர். வாயை நாள்தோறும் மென்மையாகத் துடைத்து ஈரமாக வைத்திருக்க வேண்டும்.

கடைசி நாட்களில் பசி குறைவது இயல்பு, வற்புறுத்தி ஊட்ட வேண்டாம். நோயைப் பற்றி நோயாளி கேட்டால் பொய் சொல்லி மறைக்காமல், அவர் அறிய விரும்பும் அளவுக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். இரவும் பகலும் பார்த்துக்கொள்பவர் தாமும் உறங்க, உண்ண, சற்றே வெளியே சென்றுவர மாற்று ஆள் ஏற்பாடு செய்வது சுயநலமாகாது.

சட்டமும் அரசுக் கொள்கையும்

இயக்கத்தின் மற்றொரு முனை மார்ஃபினுக்கான சட்டப் போராட்டம். 1998-இல் விதிகளை எளிமையாக்குமாறு மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. கேரளம் அதை முதலில் ஏற்ற மாநிலங்களுள் ஒன்று. ராஜகோபால் 2003-இல் ‘பாலியம் இந்தியா’ அமைப்பைத் தொடங்கி நாடு தழுவிய முயற்சியைத் தொடர்ந்தார். 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இன்றியமையாத போதை மருந்துகளுக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரின் ஒரே அனுமதி போதும் என்றானது. ராஜகோபாலுக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கோழிக்கோட்டில் 2003-இல் தொடங்கிய ஆதரவு மருத்துவ நிறுவனம் 2010-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் கூட்டுமையமாயிற்று. சுரேஷ்குமார் இதன் இயக்குநராகப் பணியாற்றினார்.

2008 ஏப்ரலில் கேரள அரசு நோய் ஆதரவுச் சிகிச்சைக் கொள்கையை அறிவித்தது. இந்திய மாநிலங்களில் இதுவே முதலாவது. கிராமப் பஞ்சாயத்துகள் தங்கள் திட்ட நிதியிலிருந்து மூன்று மாதப் பயிற்சி பெற்ற சமூகச் செவிலியரை அமர்த்தி, ஆரம்பச் சுகாதார நிலையம் வழியாக வீட்டு வருகையை நடத்தலாயின. தாலுகா மருத்துவமனைகள் அடுத்த நிலைச் சிகிச்சையைத் தந்தன.

விமர்சனங்கள்

பயிற்சி குறைந்த பொதுமக்களிடம் பொறுப்பைத் தருவது தரத்தைக் குறைக்கும் என்று மருத்துவர்கள் சிலர் தொடக்கத்திலேயே எதிர்த்தனர். மார்ஃபின் எழுதத் தகுதியுள்ள மருத்துவர்களின் பற்றாக்குறை இன்றும் பல மையங்களை வாட்டுகிறது. அரசு, தொண்டு அமைப்பு, அரசியல் கட்சி ஆகியவை தனித்தனியே மையம் நடத்தும் ஊர்களில் ஒரே வீட்டுக்கு இரு குழுக்கள் செல்வதும், சில வீடுகள் விடுபடுவதும் உண்டு. வீட்டுப் பராமரிப்பின் பெருஞ்சுமை மனைவி, மகள், மருமகள் தோள்களிலேயே விழுகிறது என்ற குறையும் முழுமையாகத் தீரவில்லை.

தாக்கம்

இறப்புக்காலப் பராமரிப்பின் தரம் குறித்து 2010-இல் வெளியான எக்கனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவின் அறிக்கை 40 நாடுகளில் இந்தியாவைக் கடைசியாக வரிசைப்படுத்தியது. ஆனால் நாட்டு மக்கள்தொகையில் 3 விழுக்காடே கொண்ட கேரளம், நாட்டின் நோய் ஆதரவுச் சேவைகளில் மூன்றில் இரு பங்கை அளிப்பதாக அதே அறிக்கை குறிப்பிட்டது. 2022-இல் வெளியான, இறப்பின் மதிப்பு குறித்த லான்செட் ஆணைய அறிக்கையும் கேரளத்தை முன்மாதிரியாக எடுத்துக்காட்டியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே நோய் ஆதரவுச் சிகிச்சை அளிப்பதும் இடம்பெற்றுள்ளது. அங்கே அரசே முன்னிற்கிறது. செவிலியர், மருந்து, வாகனம் ஆகியவற்றை எந்த அரசும் தர முடியும். நோயாளியின் வீட்டைத் தன் பொறுப்பாகக் கருதும் ஊரை உருவாக்கியதே கேரள இயக்கத்தின் தனிச் சாதனை.