சாம்பல் தூவ மறந்த சிங்கம்

ஒருவழியாக செமஸ்டர் முடிந்தது. போன முறை பங்குச்சந்தை வரலாறு எழுதி எல்லோரையும் தூங்க வைத்தேன் என்று வகுப்பில் ஒரே புகார். அதனால் இந்த முறை முகமூடி.

கல்லூரி விழா நாடகத்துக்கு ஒரு சிங்கத் தலை தேவைப்பட்டது. 'நான் செய்கிறேன்' என்று வாயை விட்டுவிட்டேன். எப்படிச் செய்வது என்று தேடிப் போனபோதுதான் சரிதா கிராமத்தைப் பற்றித் தெரிய வந்தது. மேற்கு வங்காளத்தில், புருலியா மாவட்டத்தில், அயோத்தி மலையடிவாரத்தில் இருக்கிறது (இது ராமர் பிறந்த அயோத்தி இல்லை, வேறு). சாவ் நடனத்துக்கான முகமூடி செய்வதுதான் அந்த ஊரின் தொழில்.

சாவ் மூன்று வகை. ஒடிசாவின் மயூர்பஞ்ச் சாவில் முகமூடியே கிடையாது. ஜார்கண்டின் செராய்கேலாவில் முகமூடி உண்டு, ஆனால் அமைதியான முகங்கள். புருலியாவில்தான் ஆர்ப்பாட்டம் எல்லாம்: மகிஷாசுரனின் கொம்பு, துர்க்கையின் சிங்கம், தலைக்கு மேலே மணியும் ஜிகினாவும் இறகும் வைத்த பெரிய கிரீடம். இதை மாட்டிக்கொண்டு ஆள் அந்தரத்தில் சுழன்று முழங்காலில் வந்து விழுவார். மரத்தில் செய்தால் கழுத்து என்னாவது? களிமண் என்றால் முதல் குதியிலேயே தூள். காகிதம்தான் சரி.

ஊர்க்காரர்கள் சொல்லும் கதைப்படி, பாக்முண்டி ராஜா மதன்மோகன் சிங் தேவ் காலத்தில், சுமார் 150 வருடங்களுக்கு முன் இந்தத் தொழில் அங்கே தொடங்கியது. செய்பவர்கள் சூத்ரதார் என்ற கைவினைச் சமூகத்தினர். ஆடுபவர்கள் பெரும்பாலும் வேறு சமூகத்து விவசாயிகள், கூலித் தொழிலாளர்கள். சித்திரைத் திருவிழாக் காலத்தில்தான் ஆட்டம் களைகட்டும்.

செய்முறைக்கு வருவோம். காகிதக் கூழ் முகமூடி என்று நாம் சொன்னாலும் அங்கே யாரும் கூழ் அரைப்பதில்லை. முதலில் களிமண்ணில் முகத்தைப் பிடித்து, அதன் மேல் நைசான சாம்பலைத் தூவுகிறார்கள். பிறகு நீர்த்த பசையில் நனைத்த பழைய காகிதத்தை எட்டு முதல் பத்து அடுக்கு ஒட்டுகிறார்கள். அதற்கு மேல் மூக்கு, புருவம், உதடு எல்லாம் மறுபடி மண்ணால் எடுத்து, மண்ணும் துணியுமாக ஒரு பூச்சு. வெயிலில் காய வைத்து, தாபி என்ற மரக்கருவியால் தேய்த்து வழவழப்பாக்கி, இன்னொரு முறை காய வைத்து, அச்சிலிருந்து கழற்றுகிறார்கள். கண்ணுக்கும் மூக்குக்கும் துளை போட்ட பிறகுதான் வண்ணம்.

நான் மைதா பசை காய்ச்சினேன். குயவரிடம் மண் வாங்கினேன். இரண்டு நாள் ஒட்டினேன். சாம்பலை மட்டும் மறந்துவிட்டேன். காகிதம் மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இழுத்ததில் சிங்கத்துக்கு மூக்கே போய்விட்டது.

காமர்ஸ் புத்தி சும்மா இருக்குமா? காஸ்டிங் ஷீட் போட்டுப் பார்த்தேன். பழைய காகிதம், மண், சாம்பல், பசை... மெட்டீரியல் செலவு ஒன்றுமே இல்லை. எல்லாம் கைவேலையும் வெயிலுக்காகக் காத்திருக்கும் நாட்களும்தான். மழைக்காலத்தில் காத்திருப்பதற்கு யார் கூலி தருவார்கள்? அதற்கு எந்த காலத்திலும் இடமில்லை.

இந்த ஆட்டம் வெளியுலகுக்குத் தெரிந்த கதையிலும் இதேதான். புருலியா 1956 நவம்பர் 1 வரை பீகாரில் இருந்தது. 1960களில் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆசுதோஷ் பட்டாச்சார்யா இந்த நடனத்தைப் பற்றி எழுதி வெளியே கொண்டுவந்தார். 1981இல் நடனக் கலைஞர் கம்பீர் சிங் முராவுக்குப் பத்மஸ்ரீ. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சாவ் நடனம். முகமூடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2018இல். முகமூடிக் கலைஞர் நேபாள் சந்திர சூத்ரதாருக்குப் பத்மஸ்ரீ 2024இல், அதுவும் அவர் இறந்த பிறகு. ஆடியவருக்கும் செய்தவருக்கும் நடுவே 43 வருடம்!

புவிசார் குறியீடு வந்துவிட்டதே என்று கேட்கலாம். பிசினஸ் லாவில் படித்ததுதான்: 1999ஆம் வருடச் சட்டப்படி அந்தப் பெயருக்குப் பாதுகாப்பு உண்டு, விலைக்கு இல்லை. பதிவு பெற்ற உரிமையாளர் பெயரில் பதிவு இருக்கும்; ஒவ்வொரு கைவினைஞரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இப்போது சரிதா கடைகளில் சுவரில் மாட்டும் சின்ன முகமூடிகளைச் சுற்றுலாப் பயணிகள் வாங்கிப் போகிறார்கள். அதைக் கேவலமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. திருவிழா வருடத்துக்கு ஒரு தடவை, சாப்பாடு தினமும்.

என் கதை? இஸ்திரி வண்டி அண்ணனிடம் கரிச்சாம்பல் வாங்கி, சலித்து, இரண்டாவது சிங்கத்துக்குத் தூவினேன். அச்சிலிருந்து அழகாகக் கழன்று வந்தது. ஒரு காது மட்டும் கோணல். மஞ்சள் அடித்து, பிடரிக்குச் சணல் ஒட்டினேன். அதைப் போட்டுக்கொண்டு குதித்தவனுக்கு நடிப்புக்கான முதல் பரிசு. நோட்டீஸ் போர்டில் அவன் பெயரோடு ஃபோட்டோ ஒட்டியிருக்கிறார்கள். அதில் அவன் முகமே தெரியவில்லை, நான் செய்ததுதான் தெரிகிறது :-)