கோதுமை வந்த வழி

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை நம் முன்னோர் கண்ட அரிய செல்வம். பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு பாணனை வள்ளலிடம் வழிப்படுத்துவதே அதன் பொருள் என்பர் இலக்கண நூலார். ஆயின் அப்பாட்டுகளைப் பசியோடு படிப்பவர்க்கு வேறொன்றும் புலப்படும். இன்ன வழியே சென்றால் இன்ன ஊர் வரும், அவ்வூரில் இன்னார் இல்லத்தில் இன்ன உணவு கிடைக்கும் என்று சொல்லிச் செல்லும் வழிநடை உணவுக் குறிப்பாகவும் அவை அமைந்துள்ளன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியில் புல்லரிசிச் சோறும், இடையர் குடியில் பாலொடு தினைச் சோறும், முல்லை நிலத்துச் சிற்றூரில் வரகுச் சோறும், மருத நிலத்தில் வெண்ணெற் சோறும் பாணனுக்குக் காத்திருக்கின்றன. குடிக்கக் கிடைக்கும் நறும்பிழியும் அரிசியிலிருந்து விளைந்ததே. அந்நெடிய விருந்தில் கோதுமை இல்லை.

பன்முறை படித்த பாட்டுத்தான். எனினும் அதில் கோதுமை இல்லாமையை நாம் கண்டது அண்மையில்தான். நம் பேர்த்தியே அதற்குக் காரணம்.

எட்டு வயதாகியும் ஆறு வயதுக்குரிய வளர்ச்சியே இருந்தது. சோகை தீரவில்லை, இரும்புச் சத்து மருந்து எத்துணைக் கொடுத்தும் உடம்பில் ஒட்டவில்லை. இறுதியில் குருதிச் சோதனையும் சிறுகுடற் சோதனையும் செய்த மருத்துவர், இது சீலியாக் நோய் என்றார். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதம் உட்சென்றால், உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற பகுதிகள் மழுங்கிப் போகும். மருந்து இல்லை, வாழ்நாள் முழுவதும் அப்புரதத்தை விலக்குவதே வழி. சோதனை முடியுமுன் கோதுமையை நிறுத்தினால் நோய் புலப்படாது என்றும் அவர் எச்சரித்தார். இதனைப் பிறர்க்குப் பயன்படும் என்று ஈண்டுக் குறிக்கிறோம்.

வீட்டில் இடர் பெரிதன்று. அரிசியும் பருப்பும் உண்ணும் தமிழ்க் குடும்பத்திற்குக் கோதுமையை விலக்குதல் ஒரு துன்பமா என்றே முதலில் எண்ணினோம். வெளியில் உண்ணச் சென்ற அன்றுதான் உண்மை விளங்கிற்று. நாம் வாழ்வது ரிச்சர்ட்ஸ் டவுன். இங்கே கோதுமை இல்லாத தெருவே இல்லை. அஃது எவ்வாறு வந்தது என்று ஆராயத் தொடங்கிய போது இந்நகர்ப் பகுதியின் வரலாறே விரிந்தது.

1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைவீட்டை அமைத்தனர். சென்னை மாகாணத்துப் படையோடு தமிழ்ச் சிப்பாய்களும், குத்தகையாளரும், வணிகரும், சமையற்காரரும், கொத்தரும் வந்து குடியேறினர். 1881இல் மைசூர் நாடு உடையார் மரபிடம் மீண்டபோதும், தண்டுப் பகுதி 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சியிலேயே இருந்தது. வெள்ளைச் சிப்பாய்க்கு நாள்தோறும் ரொட்டி வேண்டும். எனவே அடுமனைகள் எழுந்தன. ரொட்டியை உண்டவன் வெள்ளையன். அதன் மணத்தை நுகர்ந்து, பின்னர் அதன் சுவையையும் கற்றவன் நம்மவன்.

1898இல் பிளேக் நோய் நகரைத் தாக்கிற்று. நெருங்கி வாழ்ந்த மக்களைப் பரவலாகக் குடியமர்த்தப் புதிய விரிவுகள் தோன்றின. பிரேசர் டவுன் அவற்றுள் ஒன்று. அதனை அடுத்தது ரிச்சர்ட்ஸ் டவுன். தண்டுப் பகுதியின் கலெக்டராக விளங்கிய எப். ஜே. ரிச்சர்ட்ஸ் என்பாரின் பெயரை இது தாங்கி நிற்கிறது. 1909இல் பெங்களூரில் மிதிக் சொசைட்டி என்னும் ஆய்வுக் கழகத்தைத் தோற்றுவித்தவரும், 1918இல் வெளிவந்த சேலம் மாவட்டக் கெசட்டியரைத் தொகுத்தவரும் அவரே. தமிழ் நிலத்தை அறிந்த அதிகாரியின் பெயர் தமிழர் மிகுந்து வாழ்ந்த பகுதிக்கு அமைந்தது பொருத்தமே. அருகிலுள்ள மசூதிச் சாலையில் 1902இல் தோன்றிய ஆல்பர்ட் அடுமனை இன்றும் மணம் பரப்புகிறது. அதே சாலையில் ரமலான் மாத மாலைகளில் விற்கும் ஹலீம், கோதுமையும் இறைச்சியும் குழையக் காய்ச்சியது. கிறிஸ்துமஸ் வந்தால் தெருவெங்கும் பிளம் கேக். தண்டின் விழாக்கள் எல்லாம் மாவில் பிசைந்தவை எனலாம்.

வழிபாடும் இதற்கு விலக்கன்று. புனித பிரான்சிஸ் சவேரியார் பேராலயம் இப்பகுதியில்தான் உள்ளது. கத்தோலிக்கத் திருப்பலியின் அப்பம் கோதுமையால் ஆனதாகவே இருத்தல் வேண்டும். குளூட்டன் அறவே நீக்கிய அப்பம் செல்லாது, மிகக் குறைந்த அளவு உள்ளது செல்லும் என்று வத்திக்கான் 2017இல் மீண்டும் தெளிவுறுத்தியது. அதுவும் இயலாதவர் திராட்சை இரசத்தை மட்டும் பெறலாம். உணவைப் பற்றிய கேள்வி திருவிருந்து வரை செல்லும் என்பதை நாம் முன்னர் நினைத்ததில்லை.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் கோதுமை. ரொட்டியை விலக்கலாம், கேக்கை மறுக்கலாம். நம் உணவுக்குள்ளேயே புகுந்து அமர்ந்த கோதுமையின் கதை வேறு. இதற்குப் போர்க்காலத்திற்குச் செல்ல வேண்டும்.

1942இல் பர்மா சப்பானியர் கையில் வீழ்ந்தது. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. தென்னாட்டில் அரிசித் தட்டுப்பாடு கடுமையாயிற்று. 1924இல் தொடங்கப்பெற்ற மாவள்ளி டிபன் ரூம்ஸ் உணவகத்தார், அக்காலத்தில் அரிசி கிடைக்காமையால் கோதுமை ரவையில் இட்லி செய்து பார்த்ததாகவும், அவ்வாறு பிறந்ததே ரவை இட்லி என்றும் கூறுவர். தயிரும் முந்திரியும் தாளிப்பும் சேர்ந்த அவ்விட்லி பஞ்சம் நீங்கிய பின்னரும் நிலைத்துவிட்டது. அதன் சுவையை நாம் குறை கூறவில்லை. அரை நூற்றாண்டாக விரும்பி உண்டவர்களே நாம்.

ஏறத்தாழ அதே காலத்தில், கடல் கடந்த ஆலந்து நாட்டில் இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. வில்லெம் கரேல் டிக்கே என்பார் அங்குக் குழந்தை மருத்துவர். சீலியாக் நோயை 1888இலேயே இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ தெளிவாக எழுதி வைத்தார். உணவே மருந்து என்றும் உணர்ந்தார். ஆயின் எவ்வுணவு குற்றவாளி என்பது தெரியவில்லை. வாழைப்பழத்தையே முதன்மையாகக் கொடுக்கும் முறை ஒன்று 1920களில் அமெரிக்காவில் புகழ் பெற்றது. டிக்கேயோ 1930களிலேயே கோதுமை மீது ஐயம் கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் செருமானியர் முற்றுகையால் ஆலந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் வாடிற்று. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். ரொட்டி அரிதாயிற்று; மக்கள் துலிப் கிழங்கையும் தின்றனர். அக்கொடிய பஞ்சத்தில் சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினர். போர் முடிந்து ரொட்டி வந்தது. நோயும் திரும்பி வந்தது. 1950இல் டிக்கே தம் ஆய்வேட்டை உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்தார். பின்னர் உடன் ஆய்வாளரோடு சேர்ந்து, கோதுமையின் குளூட்டனே காரணம் என்று நிறுவினார்.

ஒரே போர், அங்கே கோதுமை போனதால் குழந்தைகள் பிழைத்தனர், இங்கே அரிசி போனதால் இட்லிக்குள் கோதுமை புகுந்தது. அங்கே கண்டறிந்த உண்மை இங்கே நம் பேர்த்தியின் தட்டுக்கு வந்து சேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

போருக்குப் பின்னும் வரவு நிற்கவில்லை. 1956இல் அமெரிக்காவோடு பி.எல். 480 ஒப்பந்தம் ஏற்பட்டது; கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1965, 1966ஆம் ஆண்டுகளின் வறட்சியில் வரவு உச்சத்தை எட்டிற்று. ரேஷன் கடையில் அரிசியோடு கோதுமையும் வாங்கி, அதனை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்த தாய்மார்களை நாம் அறிவோம். பசுமைப் புரட்சிக்குப் பின் கோதுமை நம் நாட்டிலேயே மிகுந்தது. இரவுச் சிற்றுண்டி சப்பாத்தி என்பது அதன் பிறகு வழக்கமாயிற்று.

2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு இவ்வரலாற்றுக்குச் சான்று பகர்கிறது. வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவர்க்கு மேல் சீலியாக் நோய்க்குரிய அறிகுறி குருதியில் காணப்பட்டது. தென்னிந்தியாவில் ஆயிரத்திற்கு ஏறத்தாழ ஒருவர்க்கே காணப்பட்டது. நோய்க்கு இடம் தரும் மரபுக்கூறோ இரு திறத்தாரிடமும் மூன்றில் ஒருவர்க்கு மேல் இருந்தது. வேறுபாடு தட்டில்தான் இருந்தது: வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். நமக்கு இந்நோய் வாராது என்று எண்ணுவோர் இவ்வெண்களைச் சற்று நோக்குக. காப்பாக நின்றது நம் குருதி அன்று, நம் சோறு.

இனி உணவகத்திற்கு வருவோம். இங்கே காராபாத் ரவை, கேசரிபாத் ரவை. தோசை அரிசிதானே என்றால், மொறுமொறுப்புக்காக மாவில் ரவையோ மைதாவோ சேர்ப்பவர் உளர். பூரி பொரித்த எண்ணெயில் வடை பொரிவதும், சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை வார்ப்பதும் அன்றாடக் காட்சி. கோபி மஞ்சூரியனில் மைதா வெளிப்படை. அதில் ஊற்றும் சோயா சாறும் பெரும்பாலும் கோதுமை சேர்த்துப் புளிக்க வைத்தது.

எல்லாவற்றினும் வியப்பளித்தது பெருங்காயம். ஈரானிலும் ஆப்கானிஸ்தானத்திலும் இருந்து வரும் பிசின் கடுமையானது. அதனை அப்படியே பயன்படுத்த இயலாது. எனவே மாவும் கருவேலம் பிசின் போன்றதும் கலந்து கூட்டுப் பெருங்காயமாக விற்கின்றனர். அம்மாவு பலவற்றில் கோதுமை மாவு. தூளாயினும் கட்டியாயினும் இதே நிலை. அரிசி மாவு சேர்த்தவை சிலவும் உள. சாம்பார், இரசம், புளியோதரை, பிசிபேளே பாத் என்று நாம் நம்முடையவை என்று மார்தட்டும் அனைத்திலும் ஒரு சிட்டிகைக் கோதுமை ஒளிந்திருக்கக் கூடும். சிட்டிகைதானே என்று விட முடியாது. குளூட்டன் அற்றது என்று அச்சிட ஒரு கிலோ உணவில் 20 மில்லி கிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தல் ஆகாது என்பது நம் நாட்டு விதி.

ஒரு முறை ஓர் உணவகத்தில் வினவினோம். மேற்பார்வையாளர் புன்முறுவலோடு, "எங்கள் தோசையில் ஒன்றும் இல்லை ஐயா" என்றார். குழந்தை உண்டாள், இரண்டு நாள் வயிற்று வலியால் துடித்தாள். மறுமுறை சென்று கேட்டபோது, மாவில் கொஞ்சம் மைதா உண்டு, அது கோதுமையா என்றார். அவர் மீது சினம் எழவில்லை. மைதா கோதுமையே என்பது நம் உறவினர் பலர்க்கும் தெரியாது. உடல் மெலியவும் நாகரிகத்திற்காகவும் கோதுமையை விடுவோர் பெருகியதால், உண்மையில் நோயுற்றவர் கேட்பதையும் வீம்பு என்று கருதும் போக்கு வளர்ந்திருப்பதும் ஒரு காரணம்.

ஆயின் இதே கன்னட நாடுதான் நமக்குக் கைகொடுக்கிறது. ராகி முத்தே, அக்கி ரொட்டி, சோள ரொட்டி, நீர் தோசை என்று கோதுமை அறியாத உணவுகள் இங்கே வாழையடி வாழையாக வருகின்றன. ராகியும் ஆப்பிரிக்க உயர்நிலத்தில் தோன்றி வந்ததுதான். எனினும் அது வந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின, இம்மண்ணின் பிள்ளையாகிவிட்டது. மண்டியாவில் பணிபுரிந்த வேளாண் அறிஞர் லட்சுமணய்யா, இந்திய ராகியோடு ஆப்பிரிக்க ராகியை இணைத்து இண்டாப் இனங்களை உருவாக்கினார். அவரை மக்கள் ராகி பிரம்மா என்றே அழைத்தனர். ஏழையின் உணவு என்று ஒதுக்கிய சிறுதானியத்துக்கு ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டையே உரிமையாக்கியது. இன்று ராகிக்குப் பெரிய உணவகங்களிலும் இருக்கை கிடைக்கிறது.

வெளியில் உண்பதை நாம் விடவில்லை. குழந்தையை வீட்டிலேயே அடைத்து வைப்பது நோயினும் கொடிது. கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய சீட்டொன்று அவள் பையில் உள்ளது. இன்ன மாவு ஆகாது, கல்லைக் கழுவித் தர வேண்டும் என்பன அதில் உள்ளன. கூட்டம் சேருமுன் காலையில் முதல் ஆளாகச் செல்கிறோம். எண்ணெயும் கல்லும் அப்போது தூயனவாக இருக்கும். முன்னெல்லாம் நாமே கேட்போம்; அவள் நாணித் தலைகுனிவாள். இப்போது, "அண்ணா, இது அரிசி இட்லியா, ரவை இட்லியா?" என்று அவளே கேட்கிறாள்.

சென்ற ஞாயிறன்று ரிச்சர்ட்ஸ் பூங்காவில் நடந்துவிட்டு, அக்கி ரொட்டி சுடும் சிறு கடை ஒன்றிற்குச் சென்றோம். கடைக்கார அம்மையார் கல்லைக் கழுவி, பாதி வெங்காயத்தால் துடைத்து, முதல் ரொட்டியை அவளுக்கே இட்டார். இரண்டாம் ரொட்டிக்குச் சட்டினி வேண்டும் என்றாள். தாளிப்பில் பெருங்காயம் உண்டா என்றும் கேட்டாள். அம்மையார் உள்ளே சென்று டப்பாவை எடுத்து வந்தார். கண்ணாடி இல்லாமல் அவரால் பொடி எழுத்தைப் படிக்க இயலவில்லை. குழந்தை அதனை வாங்கி, ஒவ்வொரு சொல்லாக அவருக்குப் படித்துக் காட்டினாள்.