பாட்டுக்கு வெறும் 20 டாலர்! ரெக்கே இசையை உலகுக்குக் கொண்டுபோன சினிமா ஆல்பம் எது தெரியுமா?

ரெக்கே என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர் பாப் மார்லிதான். ஆனால், அவர் உலகப் புகழ் பெறும் முன்பே ஜமைக்காவின் இந்த இசையைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது ஒரு சினிமா ஆல்பம். 1972இல் வெளியான 'தி ஹார்டர் தே கம்' தான் அது.

கதை என்ன?

பெர்ரி ஹென்செல் இயக்கிய இந்தப் படத்தில் பாடகர் ஜிம்மி கிளிஃப்தான் ஹீரோ. பாடகராகும் கனவோடு கிராமத்திலிருந்து கிங்ஸ்டன் நகருக்கு பஸ்ஸில் வந்து இறங்குகிறான் ஐவன். வாலிநோக்கம் மாதிரி கடலோர ஊர்களிலிருந்து பிழைப்பு தேடி சென்னைக்கு பஸ் ஏறுபவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

ஐவனின் பாட்டுக்குத் தயாரிப்பாளர் தருவது 20 டாலர். மறுத்தால் ரேடியோவில் பாட்டு வராது. வேறு வழியில்லாமல் சம்மதிக்கிறான். பிறகு கஞ்சா, துப்பாக்கி, போலீஸ் வேட்டை. அவன் தலைமறைவாக இருக்கும்போதுதான் அந்தப் பாட்டு ஹிட் ஆகிறது! 1948இல் போலீசாரால் கொல்லப்பட்ட 'ரைஜிங்' என்ற நிஜக் குற்றவாளிதான் இந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரி.

யார் யார் பாடினார்கள்?

ஜிம்மி கிளிஃப், டெஸ்மண்ட் டெக்கர், மேட்டல்ஸ், மெலோடியன்ஸ், ஸ்லிக்கர்ஸ், ஸ்காட்டி. பெரும்பாலானவை ஜமைக்காவில் ஏற்கெனவே வெளிவந்த பாட்டுகள். அதனால், அந்தக் காலத்தின் சிறந்த பாட்டுகளை ஒரே இசைத்தட்டில் தொகுத்தது போல ஆல்பம் அமைந்தது.

மெலோடியன்ஸ் பாடிய 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' நம்மூரிலும் பலர் கேட்டதுதான். 1978இல் போனி எம் குழு பாடி பெரிய ஹிட் ஆன அதே பாட்டு!

ரெக்கேவை எப்படி அடையாளம் காண்பது?

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எண்ணிப் பாருங்கள். கிட்டார் 2, 4இல் 'சக்' என வெட்டி விழும். 'ஒன் டிராப்' என்ற டிரம்ஸ் முறையில் முதல் அடி காலியாக இருக்கும், மூன்றாவதில்தான் அழுத்தம். அந்த ஆட்டமே தனி!

இன்று என்ன மதிப்பு?

ஜமைக்காவின் ரெக்கேவை 2018இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2021இல் இந்த ஆல்பம் அமெரிக்க தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பிடித்தது.

படம் எழுப்பிய கேள்வி இங்கேயும் உண்டு. சினிமா பாட்டின் உரிமையை எழுதிக்கொடுத்த பிறகும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என இந்தியச் சட்டம் சொன்னது 2012 திருத்தத்தில்தான். ஐவன் 20 டாலர் வாங்கி 40 ஆண்டுகளுக்குப் பிறகு!