தாவழி: கொச்சி அரசின் உள்ளே ஓடிய சொல்

தமிழில் ‘தாய்வழி’ ஓர் அடைமொழி. தாய்வழிப் பாட்டி, தாய்வழி மாமன், தாய்வழிச் சொத்து என்று பெரும்பாலும் இன்னொரு சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டே வரும். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் அதே சொல் சொந்தக்காலில் நிற்கிறது. மலையாளத்தில் தாவழி என்றால் ஒரு தாய், அவள் பெற்ற பிள்ளைகள், அவளுடைய பெண்மக்கள் வழியாகத் தலைமுறை தலைமுறையாக வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்த ஒரு குழு. மகன்களும் அதில் உண்டு. மகன்களின் பிள்ளைகள் இல்லை, அவர்கள் தங்கள் தாயின் தாவழியைச் சேர்ந்தவர்கள். ஒரு காலத்தில் தாவழிக்கு நிலம் இருந்தது, கடன் இருந்தது, கோர்ட்டில் வழக்கும் இருந்தது.

கொச்சியை ஆண்ட பெரும்படப்பு ஸ்வரூபம் என்ற அரச குலத்தில் இப்படி ஐந்து தாவழிகள் இருந்தன. கொச்சியின் வரலாற்றைப் போர்ச்சுகீசியர் காலம், டச்சுக்காரர் காலம், ஆங்கிலேயர் காலம் என்று வந்தவர்களை வைத்தே பிரித்துச் சொல்லிப் பழகிவிட்டோம். வந்தவர்கள் எந்தக் கதவு வழியாக உள்ளே நுழைந்தார்கள் என்று கேட்டால், விடை இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

முதலில் சொல். தாய் + வழி சேர்ந்து தாய்வழி; பேச்சில் யகர ஒற்று தேய்ந்து தாவழி. மலையாளத்தில் இரண்டு வடிவமும் வழக்கில் உண்டு. இங்கே ‘வழி’ நடக்கும் பாதையைக் குறிக்கவில்லை, கால்வழியைக் குறிக்கிறது. வழித்தோன்றல், வழிவழியாக, வம்சாவழி என்று நாம் இன்றும் சொல்லும் பொருள் அது. திருக்குறளிலேயே வழி என்பது சந்ததி என்ற பொருளில் வந்திருக்கிறது. ஆகவே தாவழியின் இரு பாதியும் நம் வீட்டுச் சொற்களே.

அதோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘மருமக்கத்தாயம்’ வேறு வகை. மருமக்கள் + தாயம் என்று பிரியும் அது. ஓசையைக் கேட்டு, தாயம் என்பதும் தாயிலிருந்து வந்தது என்று நினைக்கத் தோன்றும். தாயம் என்றால் பங்குரிமை, மரபுரிமை. ‘தாய’ என்ற வடசொல்லோடு இணைத்தே தமிழ் அகராதி அதைக் காட்டுகிறது. தந்தைவழிப் பங்காளியைத் தமிழில் தாயாதி என்கிறோமே, அதுவும் இந்தக் கிளைதான். மருமக்கத்தாயத்தில் மருமக்கள் என்பவர் சகோதரியின் பிள்ளைகள். ஓர் ஆணின் உரிமை அவன் மகனுக்குப் போகாமல் மருமகனுக்குப் போவது மருமக்கத்தாயம். அந்த உரிமைக்கு உரிய குழு தாவழி. முன்னது ஆணின் பக்கமிருந்து பார்த்த பெயர், பின்னது பெண்ணின் பக்கமிருந்து பார்த்த பெயர்.

நாயர் குடும்பங்களில் பெரிய வீடு தறவாடு, அதை நிர்வகிக்கும் மூத்த ஆண் காரணவர். தறவாடு பெருகும்போது, சகோதரிகள் ஒவ்வொருவரையும் தலையாகக் கொண்டு தாவழிகள் கிளைவிடும். அரச குடும்பத்திலும் இதே கணக்குதான். வன்னேரிப் பகுதியிலுள்ள பெரும்படப்பு கொச்சி அரசர்களின் பூர்வீக இடம். அங்கிருந்து கொடுங்ஙல்லூருக்கும், பிறகு 1405 வாக்கில் கொச்சிக்கும் தலைமையிடம் மாறியது. மூத்த தாவழி, இளய தாவழி, பள்ளுருத்தி, மாடத்தின்கீழ், சாழூர் என்பவை அந்த ஐந்து கிளைகள். எந்தக் கிளையில் பிறந்திருந்தாலும், எல்லோரிலும் வயதில் மூத்த ஆணே அரசர் என்பது முறை. பெரும்படப்பு மூப்பில் என்று அவரைச் சொன்னார்கள். மூப்பு என்ற நம் சொல்லே அங்கே பட்டம்.

கேட்பதற்கு நேர்த்தியான ஏற்பாடு; நடப்பில் பிறந்த தேதிக்கே அரசியல் எடை ஏறியது. ஐந்து கிளைகளும் முறை வரக் காத்திருந்தன; முறை தவறியதாக நினைத்த கிளை வெளியே துணை தேடியது. 1500 டிசம்பரில் போர்ச்சுகீசியத் தளபதி கப்ராலின் கப்பல்கள் கொச்சிக்கு வந்தபோது அங்கே இருந்தது இளய தாவழியின் ஆட்சி. மூத்த தாவழியார் கோழிக்கோட்டு மன்னரான சாமூத்திரியின் பக்கம் சாய்ந்திருந்தார்கள். சாமூத்திரியை எதிர்க்கத் துணை வேண்டியிருந்த மன்னரும், மிளகு வாங்க ஒரு துறைமுகம் வேண்டியிருந்த போர்ச்சுகீசியரும் கைகோத்தார்கள். 1503-இல் சாமூத்திரியின் படை வந்தது. மன்னர் வைப்பின் தீவில் அடைக்கலம் புகுந்தார். மீட்க வந்த போர்ச்சுகீசியர் அதே ஆண்டு கொச்சியில் கோட்டை கட்டினார்கள். 1505-இல் போர்ச்சுகீசிய வைசிராய் அல்மெய்டா வந்தபோது மன்னர் ஒதுங்கியிருந்தார்; அவருக்குப் பின் யார் என்ற தகராறில் போர்ச்சுகீசியர் தங்களுக்கு வேண்டியவரை அமர்த்தினார்கள். மூப்பு முடிவுசெய்ய வேண்டியதை அன்றுமுதல் பீரங்கி முடிவுசெய்யத் தொடங்கியது.

கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரி அரண்மனை இந்தக் கூட்டாளித்தனத்தின் கட்டடம். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில், வீர கேரள வர்மா காலத்தில், போர்ச்சுகீசியர் கட்டிக்கொடுத்தது. 1663-க்குப் பிறகு டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் ‘டச்சு அரண்மனை’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நாலுகெட்டு அமைப்பு, நடுமுற்றத்தில் குலதெய்வமான பழயன்னூர் பகவதியின் கோயில், மேல்தளத்தில் அரசரின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம். கோவணித்தளம் என்ற படிக்கட்டுக் கூடத்தின் வழியே இறங்கிக் கீழே போனால் அரண்மனைப் பெண்களின் அறை. அங்கே சுவரில் கோவர்த்தனம் தூக்கிய கண்ணனும், மோகினியோடு சிவனும் இருக்கிறார்கள். பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் மேல்தள ஓவியங்களில் மயங்கி நின்றுவிடுகிறார்கள். அரியணைக்கு யார் உரியவர் என்ற கேள்விக்கான விடை, கீழே வாழ்ந்த பெண்களின் மடியில் பிறந்தது.

அந்த அரண்மனை 1662-இல் போர்க்களமானது. தாவழியில் வாரிசு அருகியபோது, போர்ச்சுகீசியரின் ஆதரவோடு வெட்டத்துநாட்டிலிருந்து இளவரசர்களைத் தத்தெடுத்திருந்தார்கள். ஒதுக்கப்பட்ட மூத்த தாவழி இளவரசர் கொழும்பிலிருந்த டச்சுக்காரரை நாடினார். டச்சுப் படை மட்டாஞ்சேரி அரண்மனையைத் தாக்கியதில் இளவரசர்கள் மூவர் மாண்டார்கள். ராணி கங்காதரலட்சுமி சிறைபிடிக்கப்பட்டார். 1650-களில் கொச்சி அரியணையிலேயே அமர்ந்திருந்தவர் அவர். 1663 ஜனவரியில் கொச்சிக் கோட்டை டச்சுக்காரர் கைக்குப் போக, அவர்களை நாடிய அந்த மூத்த தாவழி இளவரசர், இன்னொரு வீர கேரள வர்மா, அரசரானார். ஒன்றரை நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு ஐரோப்பிய வல்லரசுகள் ஒரே குடும்பத்தின் இரு கிளைகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்திருக்கின்றன. மிளகு அவர்களைக் கரைவரை கொண்டுவந்தது. தாவழிப் பூசல் அரண்மனைக்குள் கொண்டுசேர்த்தது.

இந்த முறையில் தத்து எடுப்பதன் பொருளே வேறு. தந்தைவழி அரசுகளில் வாரிசு இல்லையென்றால் ஓர் ஆண்குழந்தையைத் தேடுவார்கள். தாவழியில் ஆண் இல்லாவிட்டால் ஓர் அரசர் குறைவார். பெண் இல்லாவிட்டால் வம்சமே அற்றுப்போகும். அதனால் தாவழி தொடரப் பெண்களைத் தத்தெடுக்க வேண்டும். திருவிதாங்கூரில் 1900-இல் சேது லட்சுமி பாய், சேது பார்வதி பாய் என்ற இரண்டு சிறுமிகளை மாவேலிக்கரையிலிருந்து தத்தெடுத்தது இதற்காகத்தான். அங்கே கடைசியாக ஆண்ட சித்திரைத் திருநாள் அந்த இருவரில் இளையவரின் மகன்.

கொச்சி அரசரின் மனைவி ராணி ஆகமாட்டார். அவர் பெரும்பாலும் நாயர் குலப் பெண். அவருக்கு நேத்யாரம்மா என்று பட்டம். அவர் பெற்ற பிள்ளைகள் அவருடைய தறவாட்டைச் சேர்ந்தவர்கள். அரச குடும்பத்துப் பெண்களுக்கு நம்பூதிரிகளோடு சம்பந்தம் என்ற மண உறவு நடக்கும். அவர்கள் பெற்ற பிள்ளைகளே அரச வாரிசுகளான தம்புரான்கள். மட்டாஞ்சேரி அரண்மனையின் முடிசூட்டு மண்டபத்தில் 1864 முதல் ஆண்ட அரசர்களின் உருவப்படங்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த வரிசையில் எவரும் இன்னொருவரின் மகன் இல்லை. அண்ணன், தம்பி, மாமன், மருமகன், சிற்றன்னை மகன், பெரியன்னை மகன், அவ்வளவுதான். இருவரை இணைக்க வேண்டுமானால் இடையில் ஒரு பெண்ணின் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும்.

பெயர்களும் பெரும்பாலும் ராம வர்மா, கேரள வர்மா, ரவி வர்மா என்று மூன்றே சுழன்றுசுழன்று வரும். ஆகவே ஊரார் அரசர்களை வேறு விதமாகப் பிரித்தறிந்தார்கள். அரசர் இறப்பதை மலையாளத்தில் தீப்பெடுதல் என்பார்கள். 1914 முதல் 1932 வரை ஆண்ட ராம வர்மா சென்னையில் இறந்தார். அவர் ‘மதிராசியில் தீப்பெட்ட தம்புரான்’. அவருக்குப் பின் வந்த ராம வர்மா ‘சொவ்வரயில் தீப்பெட்ட தம்புரான்’. எங்கே பிறந்தார் என்பதைவிட எங்கே இறந்தார் என்பது பெயரானது. மூத்தவரே அரசர் என்பதால் பலருக்கும் முதுமையில்தான் முறை வந்தது. 1932 தொடங்கி 1949 வரை பதினேழு ஆண்டுகளுக்குள் ஐந்து பேர் அரியணை ஏறினார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கொச்சியைப் பெண்கள் ஆண்ட நாடு என்று சிலாகிப்பவர்கள் உண்டு. சொல்லே அதை மறுக்கிறது. தாவழியில் தாய் வழி; அதிகாரம் அவள் மூலமாகப் போனது, பெரும்பாலும் அவளிடம் தங்கவில்லை. அரியணையில் அமர்ந்தவர், உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர், தறவாட்டுக் கணக்கை வைத்திருந்தவர் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். ஆனாலும் வழி என்பதைச் சிறிய விஷயமாகத் தள்ளிவிட முடியாது. குடும்பத்தின் மூத்த பெண் வலியம்ம தம்புரான். குடும்பச் சொத்து அவர் பேரால் ‘வலியம்ம தம்புரான் கோவிலகம் எஸ்டேட்’ என்றே வழங்கியது. பெண் குழந்தை பிறந்தால் இன்னொரு கிளைக்கு வேர் கிடைத்ததாகக் கருதிய ஒரு சமூகம் இந்த மண்ணில் இருந்திருக்கிறது. பெண் பிறந்தாள் என்றதும் முகம் சுண்டும் வீடுகள் இன்றும் இருக்கும் நாட்டில் அதை நினைவில் வைத்திருப்பது அவசியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தமிழர்களுக்கும் இது அந்நிய வழக்கம் இல்லை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் இதே முறை ‘மருமக்கள்வழி’ என்ற பெயரில் இருந்தது. அங்கே தாயம் விலகி, மறுபடியும் வழி வந்துவிட்டது. அந்த முறையால் மனைவி மக்கள் பட்ட பாட்டைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்று நூலாகவே எழுதினார். கிழக்கிலங்கையில் மட்டக்களப்புத் தமிழர் தாய்வழியில் ‘குடி’ எண்ணுகிறார்கள். கோயில் வண்ணக்கர் (அறங்காவலர்) பதவிகூடக் குடி பார்த்தே அமைகிறது. குடியின் உட்கிளைக்கு அங்கே பெயர் ‘வயிற்றுவார்’. தாவழி என்று கொச்சி சொன்னதை மட்டக்களப்பு இன்னும் நேராக, வயிற்றின் பேரால் சொல்கிறது. பதிற்றுப்பத்தின் பதிகங்கள் சேர மன்னரை இன்னாள் ஈன்ற மகன் என்று தாயோடு சேர்த்துச் சொல்வதை வைத்து, சேரரிடமே இந்த முறை இருந்ததா என்று தமிழறிஞர்கள் நெடுநாள் வாதிட்டிருக்கிறார்கள்.

கேரளத்தின் தாவழி ஏற்பாட்டைச் சட்டம் படிப்படியாகப் பிரித்தது. மலபாருக்குச் சென்னை மாகாணம் 1932-இல் மருமக்கத்தாயச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு தாயும் அவள் பெண்வழிச் சந்ததியும் என்று தாவழிக்கு வரையறை எழுதியது அது. கொச்சியில் 1920-இலும், கொல்லம் ஆண்டு 1113-இலும் (1937–38) வந்த சட்டங்கள் மனைவி மக்களுக்கும் உரிமை கொடுத்தன. 1949 ஜூலை 1 அன்று கொச்சி திருவிதாங்கூரோடு இணைந்தது. கடைசியாக ஆண்ட பரீட்சித்துத் தம்புரான் அதற்கு இரண்டு நாள் முன்னர், ஜூன் 29 அன்று, குடும்பச் சொத்துக்கு நிர்வாகக் குழு அமைத்துப் பிரகடனம் வெளியிட்டார். 1961-இல் கேரளச் சட்டமன்றம் அந்த எஸ்டேட்டைப் பங்குவைக்கச் சட்டம் இயற்றியது. 1976 டிசம்பர் 1 முதல் கேரளத்தில் கூட்டுக் குடும்ப முறையே சட்டப்படி முடிவுக்கு வந்தது. தாவழி இன்று உறவைச் சொல்லும் சொல் மட்டுமே. அதன் கையில் நிலம் இல்லை.

பிரிந்தது நல்லதற்கே. காரணவர் கையை எதிர்பார்த்து வாழ்ந்த மனைவி மக்களுக்கு அது விடுதலை. ஆனால் கொச்சி அரசர்களின் பட்டியலை அச்சிடும் புத்தகங்களும் அருங்காட்சியகங்களும் ஆண்களின் பெயர்களை மட்டும் ஆட்சி ஆண்டோடு அடுக்கி வைப்பது சரியில்லை. அது வேறு நாட்டுக் கணக்கை இந்த நாட்டின் மேல் போடுவது. ஒவ்வோர் அரசர் பெயருக்கும் பக்கத்தில் தாயின் பெயரும் தாவழியின் பெயரும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் ஏன் இவருக்குப் பின் அவர் என்பதை எந்த வாசகராலும் புரிந்துகொள்ள முடியாது.