அமைவுகள் யாருடைய பொறுப்பு? கைப்பேசி வலையமைப்பு அமைவுப் பகிர்வின் வரலாறு

முன்னுரை

தொலைத்தொடர்பின் வரலாறு பெரும்பாலும் கோபுரங்கள், அலைக்கற்றை ஏலங்கள், கருவிகள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கைப்பேசி ஒரு வலையமைப்போடு தொடர்புகொள்ளும் முன் இரண்டிற்கும் பொதுவாகத் தெரிந்திருக்க வேண்டிய சிறு விவரங்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. அணுகுமுனைப் பெயர் எனப்படும் ஏ.பி.என்., பதிலி முகவரி, பல்லூடகச் செய்தி நடுவத்தின் முகவரி, குரலழைப்பிற்கான தெரிவுகள் முதலியன இவ்வகையின. இவற்றை அறிந்திருப்பது சேவை நிறுவனம். பயன்படுத்துவதோ வேறொருவர் செய்த கருவி. இவ்விடைவெளியை நிரப்பும் பொறுப்பு 2000ஆம் ஆண்டு முதல் யார் யார் கைக்கு மாறியது என்பதையும், அம்மாற்றத்தால் நேர்ந்த விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குறுஞ்செய்தியில் வந்த அமைவுகள்

ஜி.பி.ஆர்.எஸ். சேவை வணிக அளவில் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. பிரிட்டனின் பி.டி. செல்நெட் நிறுவனம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அதனை அறிமுகப்படுத்தியது. இரண்டாம் தலைமுறைக் குரலழைப்பிற்குச் சிம் அட்டை ஒன்றே போதுமானதாக இருந்தது. தரவுச் சேவைக்கு அது போதவில்லை. எந்த நுழைவாயில் வழியாக இணையத்தை அடைவது என்பதைக் கருவிக்குத் தனியே சொல்லவேண்டியிருந்தது. தொடக்கத்தில் அப்பணி பயனரின் தலையில் விழுந்தது. சேவை மையத்தில் கேட்டு எழுதிவந்த பெயரை எண்விசைகளைத் தட்டித் தட்டி உள்ளிட்ட அனுபவம் அத்தலைமுறையினர் பலருக்கும் உண்டு.

இதற்குத் தீர்வாக எரிக்சனும் நோக்கியாவும் இணைந்து, அமைவுகளைக் குறுஞ்செய்தி வழியே அனுப்பும் விவரக்குறிப்பு ஒன்றை வெளியிட்டன. 1997இல் தோன்றிய வாப் மன்றம் இவ்வழியைப் பொதுத்தரமாக்க முயன்றது. 2002 ஜூனில் அம்மன்றத்தை உள்ளடக்கி உருவான ஓப்பன் மொபைல் அலையன்ஸ் அதனைத் தொடர்ந்தது. எக்ஸ்.எம்.எல். வடிவில் எழுதப்பட்ட அமைவு, இரும வடிவில் சுருக்கப்பட்டுக் கருவியைச் சென்றடையும். பயனர் ஏற்றால் நிறுவப்படும்.

இம்முறையில் சுமை முழுவதும் சேவை நிறுவனத்தினுடையது. சந்தையில் உள்ள ஒவ்வொரு மாதிரிக்கும் ஏற்ற வடிவத்தை அது அறிந்திருக்க வேண்டும். நம்பிக்கை பற்றிய கேள்வி ஒன்றும் இதில் அடங்கியிருந்தது. அமைவுச் செய்தி உண்மையில் சேவை நிறுவனத்திடமிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன உறுதி? சிம் அட்டையின் ஐ.எம்.எஸ்.ஐ. எண்ணைத் திறவுகோலாகக் கொண்ட சரிபார்ப்பும், பயனர் உள்ளிடும் மறைவெண்ணும் தரத்தில் இடம்பெற்றன. ஆயினும் 2019 செப்டம்பரில் செக் பாயின்ட் நிறுவன ஆய்வாளர்கள் சாம்சங், ஹுவாவே, எல்.ஜி., சோனி ஆகியோரின் கருவிகளில் இவ்வழியின் பலவீனத்தை வெளிப்படுத்தினர். அவற்றுள் சாம்சங் கருவிகள் எவ்விதச் சரிபார்ப்புமின்றியே அத்தகைய செய்திகளை ஏற்றன. பதிலி முகவரியை மாற்றுவதன்மூலம் பயனரின் இணையப் போக்குவரத்தைத் தாக்குநர் தம் வழியே திருப்பிவிட இயலும் என்பது அவர்கள் முடிவு. வசதிக்காக வகுத்த வழி, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் காவலின்றித் திறந்துகிடந்தது.

உற்பத்தியாளரின் கோப்பும் தன்னார்வலரின் கோப்பும்

திறன்பேசிக் காலத்தில் பொறுப்பு உற்பத்தியாளரிடம் இடம்பெயர்ந்தது. ஆப்பிள் ஒவ்வொரு சேவை நிறுவனத்திற்கும் தனித்த அமைவுத்தொகுப்பைத் தன் கருவிகளிலேயே வைத்தது. ஆண்ட்ராய்டின் மூலநிரல் ஏ.பி.என். பட்டியலுக்கென ஒரு கோப்பைக் கொண்டிருந்தது. 2015இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6.0, சேவை நிறுவனம் சார்ந்த அமைவுகளைக் கையாளத் தனி இடைமுகத்தையும் வழங்கியது. சிம் அட்டையிலுள்ள நாட்டுக்குறியீட்டையும் வலையமைப்புக் குறியீட்டையும் படித்து, உரிய அமைவைக் கருவி தானே தேர்ந்துகொள்ளும். இந்தியாவிற்கு 404, 405 ஆகியனவும் இலங்கைக்கு 413உம் நாட்டுக்குறியீடுகள். பயனருக்கு இது பெரும் எளிமை. சுமையோ குறையவில்லை, கைமாறியது, அவ்வளவே. நூறு சேவை நிறுவனங்களும் ஐம்பது உற்பத்தியாளர்களும் தனித்தனியே விவரங்களைப் பரிமாறிக்கொள்வதாயின் ஐயாயிரம் உரையாடல்கள் வேண்டும். சிறிய சேவை நிறுவனத்தின் மின்னஞ்சல் பெரிய உற்பத்தியாளரிடம் எத்துணை விரைவில் கவனம் பெறும் என்பது ஊகிக்கக்கூடியதே.

இவ்வமைவுகளின் வரலாற்றை எழுதுவோர்க்குச் சான்றுகளே முதற்சிக்கல். தர ஆவணங்கள் விதியைக் கூறுகின்றன. நடைமுறையில் வழங்கிய மதிப்புகளைக் கூறுவதில்லை. உற்பத்தியாளரின் கோப்புகள் ஒவ்வொரு மென்பொருள் புதுப்பிப்பிலும் மேலெழுதப்படுகின்றன. இந்நிலையில் லினக்ஸ் கணினிகளுக்காகக் குநோம் திட்டத்தின்கீழ்த் தன்னார்வலர்கள் தொகுத்துவரும் சேவை வழங்குநர் கோப்பு, நோக்கத்தாலன்றி விளைவால் ஓர் ஆவணக்காப்பகமாகிறது. பொதுவுடைமையாக வெளியிடப்பட்டுள்ள அக்கோப்பின் மாற்றப் பதிவுகளில் நிறுவனங்களின் தோற்றம், இணைப்பு, மறைவு ஆகியன தடம் பதித்துள்ளன. 1999இல் தமிழ்நாட்டில் சேவையைத் தொடங்கி 2018இல் நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளான ஏர்செல் போன்ற நிறுவனங்களின் நுழைவாயிற் பெயர்களைத் தேடும் ஆய்வாளர் செல்லவேண்டிய இடங்களுள் அதுவும் ஒன்று. எவரும் இதனை வரலாற்று மூலமாகக் கருதித் தொகுக்கவில்லை என்பதே அதன் நம்பகத்தன்மைக்கு ஒரு காரணம் எனக் கருதலாம்.

குரலும் தரவான பின்

ஏ.பி.என். பிழையானால் இணையம் கிடைக்காது. பயனர் உடனே அறிவார். நான்காம் தலைமுறையில் குரலே தரவாயிற்று. அதற்கான பொது வரையறையை ஜி.எஸ்.எம்.ஏ. 2010இல் ஐ.ஆர்.92 என்னும் ஆவணமாக வெளியிட்டது. அதனுள் நிறுவனம்தோறும் வேறுபடத்தக்க தெரிவுகள் பல இருந்தமையால், ஒவ்வொரு கருவியையும் ஒவ்வொரு வலையமைப்பிற்கும் தனியே இசைவிக்க வேண்டியிருந்தது. 2016 செப்டம்பரில் நான்காம் தலைமுறை வலையமைப்பு ஒன்றையே கொண்டு தொடங்கிய ஜியோ, இசைவு பெறாத கருவிகளில் அழைப்பதற்கெனத் தனிச் செயலியை வழங்கியது இதனாலேயே.

இப்பின்னணியில் ஜி.எஸ்.எம்.ஏ., டி.எஸ்.32 ஆவணத்தின்வழி கருவியைச் சிம் அட்டைக்கேற்பப் பின்னர்த் தகவமைக்கும் முறையை வரையறுத்தது. அதன் அமைவுப் பரிமாற்றத் தளத்தில் சேவை நிறுவனம் தன் விவரங்களை ஒருமுறை பதிந்தால் உற்பத்தியாளர் பலரும் பொறி படிக்கும் வடிவில் அவற்றைப் பெறலாம். கோட்பாட்டளவில் ஐயாயிரம் உரையாடல்கள் நூற்றைம்பது இணைப்புகளாகச் சுருங்குகின்றன. ஆனால் பதிந்த விவரத்தை உற்பத்தியாளர் எடுத்துக்கொண்டாரா, பழைய மாதிரிகளுக்கும் அதனை அனுப்பினாரா என்பது பதிவேட்டின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆஸ்திரேலியாவின் மூன்றாம் தலைமுறை நிறுத்தம் இதனை வெளிக்கொணர்ந்தது. அங்கு விற்பனையாகாத, பிற நாடுகளுக்கென அமைக்கப்பட்ட கருவிகள் உட்படச் சில மாதிரிகள், அன்றாட அழைப்புகளை நான்காம் தலைமுறையிலும் அவசர அழைப்புகளை மூன்றாம் தலைமுறையிலும் செலுத்துமாறு அமைக்கப்பட்டிருந்தன. 2024இன் தொடக்கத்தில் இச்சிக்கலுக்கு உட்பட்ட கருவிகள் ஏறத்தாழ 7,40,000 என அரசு தெரிவித்தது. இப்பிழையைப் பயனர் அறிய வழியில்லை; எவரும் அவசர எண்ணைச் சோதனைக்காக அழைத்துப் பார்ப்பதில்லை. டெல்ஸ்ட்ரா, ஜூன் இறுதிக்கெனத் திட்டமிட்ட நிறுத்தத்தை முதலில் ஆகஸ்டிற்கும் பின்னர் அக்டோபருக்கும் ஒத்திவைத்தது. 2024 அக்டோபர் 28இல் அதுவும் ஆப்டஸும் தம் மூன்றாம் தலைமுறைச் சேவையை நிறுத்தத் தொடங்கின. 000 என்னும் அவசர எண்ணை அடைய இயலாத கைப்பேசிகளுக்குச் சேவை வழங்கலாகாது என்னும் விதியும் அதனையொட்டி நடைமுறைக்கு வந்தது. அவ்வாறு முடக்கப்பட்டவற்றுள் சில, அதுவரை அதே வலையமைப்பில் நான்காம் தலைமுறை அழைப்புகளைக் குறையின்றி மேற்கொண்டு வந்த கருவிகளாகும்.